பெண்கள் மூட வைத்த கடை

ஆந்திர மாநிலம் நெல்லூர் மாவட்டத்தில் துபகுண்டா என்று ஒரு கிராமம் இருக்கிறது. அந்த ஊர்ப் பெண்களில் பலர் கூலி வேலை செய்பவர்கள். 1990-களின் தொடக்கத்தில் அவர்கள் இரவு வகுப்புக்குப் போனார்கள். நம் ஊரில் அறிவொளி என்றோமே, அதுபோன்ற வகுப்பு.

அந்த நாளில் சாராயம் பாக்கெட்டில் வந்தது. கடைகளை அரசாங்கம் ஏலம் விடும். ஏலம் எடுத்த காண்டிராக்டர் ஊர் ஊராக விற்பார். நல்ல தண்ணீர் வராத ஊருக்கும் சாராயம் தவறாமல் வந்தது!

ஆண்கள் தங்கள் கூலியைக் குடித்தார்கள். மனைவியின் கூலியையும் பிடுங்கினார்கள். கொடுக்காவிட்டால் அடி, உதை. பக்கத்து வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும். யாரும் போய்க் கேட்க மாட்டார்கள். அது புருஷன் பெண்டாட்டி சண்டை, நமக்கு எதற்கு என்று இருந்துவிடுவார்கள்.

வகுப்பில் சீதம்மா கதை என்று ஒரு பாடம் இருந்தது. குடிகாரக் கணவனோடு பாடுபட்ட பெண்ணின் கதை அது. படித்த பெண்கள் அதில் தங்கள் வீட்டையே பார்த்தார்கள். வாய்விட்டுப் பேசினார்கள். ஒரு வீட்டு அடி அன்று ஊர்ப் பிரச்சினை ஆனது.

நூறு பெண்கள் சேர்ந்து போனார்கள். கள் ஏற்றி வந்த வண்டியை மறித்தார்கள். "கீழே கொட்டு. உன் நஷ்டத்துக்கு ஆளுக்கு ஒரு ரூபாய் தருகிறோம்" என்றார்கள். வண்டிக்காரர் பயந்துவிட்டார். பிறகு சாராய ஜீப் வந்தது. அதையும் சூழ்ந்துகொண்டார்கள். கலெக்டரிடம் புகார் கொடுப்போம் என்றார்கள். சாராயக் கடை மூடப்பட்டது.

இந்தச் செய்தியே அடுத்த பாடப் புத்தகத்தில் ஒரு பாடமாக வந்தது. மற்ற ஊர்ப் பெண்களும் அதைப் படித்தார்கள். அவர்களும் கிளம்பினார்கள். துடைப்பமும் மிளகாய்ப் பொடியும் வைத்துக்கொண்டு ஊர் எல்லையில் காவல் நின்றார்கள். 1992-இல் மாவட்டத்தில் சாராய ஏலம் நடத்த முடியவில்லை. பல முறை தள்ளி வைத்தார்கள். துபகுண்டா ரோசம்மா என்ற பெயர் மாநிலம் எங்கும் தெரிந்தது. 1993 அக்டோபர் முதல் தேதி ஆந்திரா முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995-இல் முழு மதுவிலக்கு வந்தது. ஆனால் 1997-இல் அது தளர்த்தப்பட்டது. மது திரும்பவும் விற்பனைக்கு வந்தது.

குடி ஒன்றுதான் அடிக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. குடிக்காமலே அடிப்பவர்களும் உண்டு. அதனால் கடையை மூடினால் மட்டும் போதாது. சட்டமும் வேண்டும். பல வருடம் பெண்கள் அமைப்புகள் கேட்ட பிறகு, 2005-இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடிப்பது மட்டும் குற்றம் இல்லை. கேவலமாகத் திட்டுவதும், கூலியைப் பிடுங்குவதும் வன்முறைதான் என்கிறது இந்தச் சட்டம். மனைவி மட்டும் அல்ல, தாய், மகள், சகோதரி யாரும் புகார் தரலாம். வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம்.

மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் உதவி கேட்கலாம். அடிபட்ட பெண்தான் போக வேண்டும் என்பது இல்லை. அழுகைச் சத்தம் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர் அலுவலரிடம் தகவல் சொன்னாலும் போதும். நல்ல எண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது.