உச்சந்தலைக்குத் தோல் போதாது

சொறிக்கல்முனை வயலில் நடுப்பகலில் வரம்பு வெட்டுபவர் தலையில் துவாயைச் சுற்றிக்கொள்வார். கல்முனைக் கரையில் கரைவலை இழுப்பவருக்குத் தொப்பி. வழுக்கைத் தலைக்கு அதுதான் குடை. கறுத்த தோல் எமக்கு நல்ல காவல், உச்சந்தலைத் தோலில் புற்றுநோய் நம்மிடையே அரிது. ஆனாலும் வருகிறது. பழைய தீக்காயத் தழும்பில் மாதக்கணக்காய் ஆறாமல் கிடக்கும் புண்ணை எண்ணெய் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

புற்றை வெட்டி எடுப்பது பாதி வேலை. சுற்றியுள்ள நல்ல தோலிலும் ஒரு விளிம்பு போகும். அந்தப் பள்ளத்தை மூடுவதுதான் பெரும்பாடு. வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கையோடு வரும், உச்சந்தலையில் வராது. நெற்றித் தசையையும் பிடரித் தசையையும் இணைக்கும் விறைத்த சவ்வு தோலோடு ஒட்டிக் கிடக்கிறது. சுமார் 3 சென்ரிமீற்றருக்கு மேல் அகன்ற காயத்தை வெறுமனே இழுத்துத் தைப்பது கடினம்.

மண்டையோட்டைப் போர்த்திய மெல்லிய படலம் மிஞ்சியிருந்தால் தொடையில் தோல் சீவி ஒட்டலாம். நாற்று சேற்றில்தான் பிடிக்கும், வெறும் எலும்பில் ஒட்டுத்தோல் பிடிக்காது. 1777இல் அமெரிக்க எல்லைப்புறத்தில், தலைத்தோல் உரிக்கப்பட்ட ஒருவருக்கு ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் குத்தூசியால் எலும்பின் மேல்தட்டில் துளையிட்டார். கசிந்த துளைகளில் சிவந்த சதை முளைத்து எலும்பை மூடியது. கொடூரமாய்த் தோன்றும். ஆனால் மேல்தட்டைச் சுரண்டிக் கசியவிடும் உத்தி இன்றும் சத்திரசிகிச்சையில் இருக்கிறது.

பக்கத்துத் தோலையே நகர்த்துவது இன்னொரு வழி. காயத்தின் ஓரத்திலிருந்து பிறை போல நீண்ட கோடாக வெட்டி, சவ்வோடு பெயர்த்து, சுழற்றி இழுப்பார்கள். கோடு காயத்தின் அகலத்தைப் போல ஐந்தாறு மடங்கு நீளும். சவ்வின் உட்புறத்தில் இணைகோடுகளாய்க் கீறினால் இன்னும் சற்று இளகும். பெயர்த்த அந்தத் தோல் மடலின் அடி மட்டும் தலையின் ஓரத்தில் அறுபடாமல் நிற்க வேண்டும். தலைத்தோலின் இரத்தக் குழாய்கள் புருவம், பொட்டு, காதின் பின்புறம், பிடரி ஆகிய ஓரங்களிலிருந்தே உச்சிக்கு ஏறுகின்றன. வாய்க்காலை வெட்டிவிட்டு வயலுக்குத் தண்ணீர் கேட்க முடியுமா? மருத்துவர் மிகுவேல் ஓர்த்திகோச்சியா 1967இல் இப்படி நான்கு மடல்களால் பெரிய பள்ளங்களை மூடிக் காட்டினார், பிறகு மூன்றாகக் குறைத்தார்.

அதற்கும் மிஞ்சிய காயத்துக்கு உடலின் வேறிடத்துச் சதையை அதன் குழாய்களோடு எடுத்து, நுணுக்குக்காட்டியின் கீழ் பொட்டுப் பக்கத்துக் குழாயோடு தைப்பார்கள். 1972இல் மக்லீன், பங்க் என்ற மருத்துவர்கள் வெளியிட்ட தலைச் சிகிச்சையில் வைக்கப்பட்டது, குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரை!

ஒட்டிய தோலில் மயிர் முளைக்காது. புற்று திரும்பவில்லை என்று உறுதியான பிறகு, மொட்டையான அந்த இடத்தை மூட, மயிருள்ள பக்கத்தின் கீழ் சிலிக்கன் பை ஒன்றைப் புதைத்து வாரந்தோறும் உப்புநீர் ஏற்றுவார்கள். தோல் மெல்ல மெல்ல விரியும், தலை ஒரு பக்கம் புடைத்து நிற்கும். முக்காடும் தொப்பியும் அந்தச் சில மாதங்களுக்கு நன்றாய்க் கைகொடுக்கும்.