உடலை அறிவோம், உயிரைக் காப்போம்

மண்ணை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தவுடனேயே அது இருவாட்டியா, களியா என்று சொல்லக்கூடியவர்கள் நம் வாசகர்கள். குளத்துத் துருசு எங்கே, வான் எப்பக்கம் பாயும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் தம் சொந்த உடலைப் பற்றிக் கேட்டால் பலர் தயங்குகின்றனர். "அது டொக்டருக்குத் தெரிந்தால் போதும்" என்கின்றனர்.

அது போதாது என்பதே நமது கருத்து. காணியையும் வீட்டையும் கிணற்றையும் விட்டு வந்த குடும்பம் தன்னோடு கொண்டுவரும் ஒரே முதல் அதன் உடல்தான். வைத்தியசாலை தூரத்திலும் தண்ணீர் வரிசையிலும் இருக்கும்போது, அந்த முதலைக் காக்கும் அறிவு வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

இரண்டு இயல்கள்

உடலைப் பற்றிய அறிவை இரண்டாகப் பிரிப்பர். எந்த உறுப்பு எங்கே உள்ளது, எதனால் ஆனது, எதனோடு இணைந்துள்ளது என்று கூறுவது உடலமைப்பியல். அந்த உறுப்பு என்ன வேலையை எவ்வாறு செய்கின்றது என்று கூறுவது உடற்றொழிலியல். அணைக்கட்டு, துருசு, வாய்க்கால் ஆகியவற்றைக் காட்டும் படம் முதலாவது. துருசைத் திறந்தால் எந்த வயலுக்கு எவ்வளவு நீர் பாயும் என்பது இரண்டாவது. ஒன்றை விட்டு மற்றதை விளங்கிக்கொள்ள முடியாது.

கலம் முதல் தொகுதி வரை

உடலின் மிகச் சிறிய உயிருள்ள அலகு கலம். வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. ஒரே வகையான வேலையைச் செய்யும் கலங்கள் சேர்ந்தது இழையம். பல இழையங்கள் சேர்ந்து ஓர் அங்கமாகின்றன. பல அங்கங்கள் ஒரு பொது வேலைக்காக இணையும்போது அது தொகுதி எனப்படும். செங்கற்கள் சுவராகி, சுவர்கள் அறையாகி, அறைகள் வீடாவது போல என்று கொள்ளலாம்.

சிறுகுடலை எடுத்துக்கொள்வோம். அது வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 6 மீற்றர் நீளமான ஓர் அங்கம். அதன் உட்புறத்தில் உணவை உறிஞ்சும் கலங்களாலான மேலணி இழையம் உண்டு. அதைச் சுற்றி உணவைத் தள்ளிச் செல்லும் தசை இழையம் உண்டு. வாய், இரைப்பை, ஈரல், பெருங்குடல் முதலியவற்றோடு சேர்ந்து அது சமிபாட்டுத் தொகுதியாகின்றது. உறிஞ்சிய சத்தைக் கொண்டுசெல்வது குருதிச் சுற்றோட்டத் தொகுதி. கழிவையும் மிகையான நீரையும் வெளியேற்றுவது கழிவகற்றற் தொகுதி. இவற்றில் எதுவும் தனித்து இயங்குவதில்லை.

சமநிலை காக்கும் உடல்

வெயிலில் மண்வெட்டி பிடிக்கும்போது வியர்க்கின்றது. அந்த வியர்வை ஆவியாகையில் தோல் குளிர்கின்றது. மழையில் நனைந்தால் தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. இரண்டின் நோக்கமும் ஒன்றே: உடல் வெப்பநிலையை 37 பாகை செல்சியஸ் அளவில் வைத்திருத்தல். வெளியே எது மாறினாலும் உள்ளே நிலைமையைச் சீராகப் பேணும் இந்தத் தன்மையை ஒருசீர்த்திடநிலை என்பர்.

நீரிலும் இவ்வாறே. வளர்ந்த ஆணின் உடல் நிறையில் ஏறத்தாழ 60 வீதமும், பிறந்த குழந்தையின் நிறையில் ஏறத்தாழ 75 வீதமும் நீர்தான். இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு 180 லீற்றர் அளவு திரவத்தை வடித்தெடுத்து, அதில் பெரும்பகுதியைக் குருதிக்கே திருப்பிக் கொடுக்கின்றன. சிறுநீராக வெளியேறுவது 1 தொடக்கம் 2 லீற்றர் மட்டுமே. நீர் குறைந்தால் மூளையிலிருந்து செய்தி வர, சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாகின்றது. உடல் தன் துருசை இறுக்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

வயிற்றோட்டம் ஏன் கொல்கின்றது?

நாம் குடிப்பதும் உமிழ்நீர், இரைப்பைச்சாறு முதலியனவாக உடலே சுரப்பதுமாக, நாளொன்றுக்கு 8 தொடக்கம் 9 லீற்றர் திரவம் குடலுக்குள் வருகின்றது. நலமாக உள்ளவரில் மலத்தோடு போவது ஒரு கோப்பையளவும் இல்லை. மற்றதெல்லாம் உறிஞ்சப்படுகின்றது. வயிற்றோட்டத்தில் இந்தக் கணக்கு குழம்பி, நீரோடு உப்பும் வெளியே போகின்றது. குருதியின் அளவு குறைகின்றது, நாடித்துடிப்பு விரைகின்றது, ஈற்றில் சிறுநீரகமும் மூளையும் தளர்கின்றன. பிள்ளையின் உடல் சிறியது. ஆகவே சில மணித்தியாலங்களே போதும்.

"வயிறு ஓயட்டும், தண்ணீர் கொடுக்காதே" என்று சொல்லப்படுவதை நாம் பல தங்குமிடங்களில் கேட்டிருக்கின்றோம். அன்பினால் சொல்லப்பட்டாலும் இது ஆபத்தான சொல். ஏற்கெனவே வற்றும் குளத்துக்கு வரும் வாய்க்காலையும் அடைப்பதற்கு ஒப்பானது.

ஓர் அகதி முகாம் தந்த பாடம்

சிறுகுடற் கலத்தின் சுவரில் ஒரு விந்தையான வாயில் உண்டு. உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால் அது இரண்டையும் உள்ளே விடும். நீர் அவற்றைப் பின்தொடரும். இதனை ரொபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி 1960இல் எடுத்துரைத்தார். கொலரா நோயிலும் இந்த வாயில் அடைபடுவதில்லை.

1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் நடந்த போரினால் ஏறத்தாழ 1 கோடி மக்கள் இந்தியாவுக்கு இடம்பெயர்ந்தனர். எல்லையை அண்டிய பொங்காவ் என்ற இடத்தில் கொலரா பரவியது. நோயாளர் நிலத்தில் கிடந்தனர். நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது. வைத்தியர் திலீப் மகலனாபிஸ் ஒரு லீற்றர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா என்று கலந்து, நோயாளரின் உறவினர் கையிலேயே கொடுத்துப் பருக்கச் செய்தார். நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு நூற்றுக்கு 4 பேருக்கும் குறைந்தது. இடம்பெயர்ந்த தாய்மாரும் தந்தைமாருமே அங்கு தாதியராக இருந்தனர் என்பதை நாம் மறக்கக் கூடாது. இன்று நம் கையிலுள்ள ஜீவனிப் பைக்கற்றும் அதே வாயிலைத்தான் தட்டுகின்றது.

நாம் செய்யக்கூடியவை

1. ஜீவனியைப் பைக்கற்றில் குறித்துள்ள அளவு நீரில் முழுவதையும் கரையுங்கள். 24 மணித்தியாலத்தின் பின் மீதியை ஊற்றிவிடுங்கள்.

2. பைக்கற் கிடைக்காவிடின், கொதித்தாறிய 1 லீற்றர் நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பும் கரையுங்கள். அளவைக் கூட்டக் கூடாது. உப்பு மிகுந்தால் ஆபத்து. சீனி மிகுந்தால் குடலுக்குள் மேலும் நீர் இழுபடும். இனிப்புச் சோடாவும் இதனாலேயே ஆகாது. சிறிது உப்பிட்ட சோற்றுக்கஞ்சி நல்லது.

3. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை வயிற்றால் போன பின்பும் 50 தொடக்கம் 100 மில்லிலீற்றரும், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 தொடக்கம் 200 மில்லிலீற்றரும் கரண்டியால் கொடுங்கள். சத்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். வைத்தியர் நாக மாத்திரை தந்தால், வயிற்றோட்டம் நின்றாலும் அவர் சொன்ன நாள் வரை கொடுங்கள்.

4. கண் குழிவிழுதல், அழுதாலும் கண்ணீர் வராமை, கிள்ளிவிட்ட வயிற்றுத் தோல் மெதுவாகத் திரும்புதல், சிறுநீர் இல்லாமை, குடிக்க முடியாமை, மயக்கம், மலத்தில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். போகும் வழியிலும், பிள்ளை விழுங்கக்கூடியதாக இருந்தால், பருக்கிக்கொண்டே செல்லுங்கள்.

5. வைத்தியரிடம் எப்போது தொடங்கியது, எத்தனை தரம் போனது, கடைசியாக எப்போது சிறுநீர் கழிந்தது என்பதைச் சொல்லுங்கள். நோ உள்ள இடத்தைக் கையால் காட்டுங்கள். வைத்தியர் "வலது" என்று சொன்னால் அது நோயாளியின் வலது பக்கமேயன்றி, எதிரே நிற்பவரின் வலது பக்கமன்று.

இங்கே கற்ற சொற்கள் சிலவே: கலம், இழையம், அங்கம், தொகுதி, ஒருசீர்த்திடநிலை. பாடசாலை செல்லும் பிள்ளைகள் இவற்றைத் தம் விஞ்ஞானப் புத்தகத்தில் படிக்கின்றனர். இன்று மாலை அவர்களை அருகில் இருத்தி, அவற்றை விளக்கச் சொல்லிக் கேளுங்கள். பின்னர் சீனியும் உப்பும் எடுத்து அந்தக் கரைசலை ஒருமுறை சேர்ந்து தயாரித்துப் பாருங்கள். நோய் வருமுன் கைப்பழக்கம் வந்துவிட வேண்டும்.