புள்ளி பிறந்த கதை

ஏற்காட்டிலுள்ள சேர்வராயன் கோயிலுக்குச் சென்றிருக்கிறீர்களா? சுமார் 5,300 அடி உயரத்தில், குனிந்து நுழைய வேண்டிய குகைக் கோயில் அது. வெளியே வந்து வடக்கே நோக்குங்கள். அத்திசையில்தான் தருமபுரி இருக்கிறது. சங்க காலத்தில் அதன் பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர்.

சேர்வராயன் மலைக்குக் கிழக்கே, திருக்கோவிலூர்ப் பக்கத்து ஜம்பையில், 1981இல் ஒரு குகைக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வுறைவிடத்தை அளித்தவன் 'சதியபுதோ' அதியன் நெடுமான் அஞ்சி என்கிறது அது. அசோகர் கல்வெட்டில் சோழர், பாண்டியருடன் வரும் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் விவாதித்து வந்தனர். ஒரே வரி விடை தந்துவிட்டது!

அந்த வரியை உங்களால் படிக்க முடியுமா? முடியாது. மொழி தமிழ்தான், எழுத்தோ தமிழ்-பிராமி. அசோகர் காலப் பிராமிக்கு உறவான எழுத்து இது. பிராமியில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் நான்கு வகை உண்டு. தமிழுக்கு ஒன்றே போதும். ஆனால் ழ, ள, ற, ன ஆகிய ஒலிகளுக்குத் தமிழில் தனி எழுத்துகள் தேவைப்பட்டன. அவை சேர்க்கப்பட்டன.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒரு தாளில் 'பல்' என்று எழுதிப் புள்ளியை அழித்துவிடுங்கள். இப்போது அது பல்லா, பலவா? தமிழ்ச் சொற்களில் மெய்யெழுத்து அடிக்கடி தனித்து நிற்கும். ஆகவே அதனைக் காட்ட ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. அதுவே புள்ளி. மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியமும் கூறுகிறது.

இத்தாலியிலும் இதுபோல் நடந்தது. அங்கு வாழ்ந்த எட்ரஸ்கர்கள் கிரேக்கரிடமிருந்து எழுத்தைப் பெற்றனர். அவர்கள் மொழியில், நம் எழுத்தில் போலவே, வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனிக் ககரம் இல்லை. அவர்கள் வழியாக எழுத்தைப் பெற்ற ரோமானியர் மொழியிலோ இரண்டும் வேறு வேறு. முதலில் 'சி' என்ற ஒரே எழுத்தால் இரண்டையும் எழுதிச் சமாளித்தனர். பின்னர், கி.மு. 3ஆம் நூற்றாண்டில், அதில் ஒரு சிறு கோடு சேர்க்க, 'ஜி' பிறந்தது. அங்கே கோடு, இங்கே புள்ளி!

தமிழ்-பிராமி மெல்ல வளைந்து வட்டெழுத்தாயிற்று. சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே செங்கம் வட்டாரத்து நடுகற்களில் அதைக் காணலாம். மாடுகளை மீட்கப் போராடி மாண்ட வீரர்களின் பெயர்கள் அவற்றில் உள்ளன.

உங்கள் ஊர் வயலோரத்திலும் அத்தகைய கல் இருக்கலாம். அதில் சுண்ணாம்பு பூசவோ, கத்தி தீட்டவோ விடாதீர்கள். ஆசிரியரிடம் காட்டுங்கள், தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். ஒரு புள்ளி அழிந்தால் ஒரு பெயரே மாறிவிடும் அல்லவா?