யானைக்கால் நோய்: ரத்தப் பரிசோதனையை ஏன் இரவில் செய்கிறார்கள்?

இரவு 9 மணிக்குக் கதவைத் தட்டி, "யானைக்கால் டெஸ்ட், விரல்ல கொஞ்சம் ரத்தம் வேணும்" என்று சுகாதாரப் பணியாளர் கேட்டால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, பகல்ல வரக்கூடாதா?" என்பீர்கள். பிகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், ஒடிசா போன்ற மாநிலங்களில் இந்த இரவு நேரப் பரிசோதனை நடக்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது.

பகலில் புழுக்கள் எங்கே போகின்றன?

வளர்ந்த ஃபைலேரியா புழுக்கள் நம் நிணநீர்க் குழாய்களில் வாழ்கின்றன. அவை ஈனும் நுண்புழுக்கள் பகலில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் பதுங்கியிருக்கும். க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் இரவு நேரத்தில் தோலுக்கு அருகே ஓடும் ரத்தத்துக்கு வரும். அதனால்தான் இரவு 8.30 மணி முதல் நள்ளிரவு வரை ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். பகலில் எடுத்தால், நோய் இருந்தாலும் 'நெகட்டிவ்' என்று வரலாம்.

வேறு டெஸ்ட் கிடையாதா?

உண்டு. எஃப்.டி.எஸ். என்ற பட்டை, வளர்ந்த புழு வெளியிடும் ஆன்டிஜென் என்ற பொருளைக் கண்டுபிடிக்கும். பகலிலும் செய்யலாம், 10 நிமிடத்தில் முடிவு தெரியும். ஆனால், நுண்புழுக்கள் அழிந்த பிறகும் வளர்ந்த புழு உயிரோடிருந்தால் இது பாசிட்டிவ் காட்டக்கூடும். கேரளத்தில் காணப்படும் புரூகியா மலாயி வகைப் புழுவை இது காட்டாது.

கால் வீங்கியவருக்கு நெகட்டிவ் வருவது ஏன்?

வீக்கம் முற்றும்போது பலரது உடலில் புழு செத்துப்போயிருக்கும். நிணநீர்க் குழாய்க்கு ஏற்பட்ட சேதம்தான் மிஞ்சும். எனவே, நெகட்டிவ் வந்தாலும் சிகிச்சையையும் காலைச் சுத்தமாகப் பராமரிப்பதையும் விடக்கூடாது. மாறாக, எந்த அறிகுறியும் இல்லாதவரின் ரத்தத்தில் நுண்புழு இருக்கலாம். கொசு வழியே நோய் அவரிடமிருந்துதான் பரவும். உங்களுக்கு 'ஒண்ணும் இல்லை' என்றாலும் ரத்தம் கேட்பது அதனால்தான்.

ஈசினோஃபில் அதிகமென்றால் புழுவா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. அலர்ஜி, ஆஸ்துமாவிலும் ஈசினோஃபில் கூடும். கொக்கிப்புழு, உருண்டைப்புழு போன்ற குடல் புழுக்களை உறுதிசெய்யப் பொதுவாக மலப் பரிசோதனைதான் வேண்டும்.

பாசிட்டிவ் வந்தால்?

பயப்பட வேண்டாம். டி.இ.சி. மாத்திரையை மருத்துவர் சொல்லும் நாட்கள் முழுவதும் சாப்பிட வேண்டும். சிலருக்குக் காய்ச்சல், தலைவலி, மயக்கம் வரலாம். பெரும்பாலும் நுண்புழுக்கள் சாவதால் வருவது அது, ஓரிரு நாளில் சரியாகிவிடும். நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். பாதிப்புள்ள மாவட்டங்களில் அனைவருக்கும் மாத்திரை தரும்போது 2 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், தீவிர நோயாளிகளுக்குத் தருவதில்லை.

2027-க்குள் இந்நோயை ஒழிப்பது மத்திய அரசின் இலக்கு. வீங்கிய காலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம். ஆனால், வீங்கும் முன்பே நோயைக் கண்டுபிடித்துவிட முடியும். அடுத்த முறை இரவில் கதவு தட்டப்பட்டால், தயங்காமல் விரலை நீட்டுங்கள்.