கையொப்பம் இடலாமா?

டிசம்பர் முதல் தேதி! அமெரிக்க நாட்டிலே ஆயிரக்கணக்கான ஏழை வீடுகள் ஆண்டுதோறும் அந்த நாளை எதிர்பார்த்துக் கிடக்கின்றன. தேர்தல் முடிவுக்காக அல்ல. பரிசுச் சீட்டுக் குலுக்கலுக்காகவும் அல்ல. பள்ளி இறுதி வகுப்பில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ நான்காண்டுக் கல்லூரிப் படிப்பு முழுவதும் செலவின்றிக் கிடைக்குமா, கிடைக்காதா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

கிடைத்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே, இதிலே யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். விவரத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது, கொடுக்கிறவர்கள் பணத்தோடு ஒரு கயிற்றையும் சேர்த்தே கொடுக்கிறார்கள் என்பது.

குவெஸ்ட்பிரிட்ஜ் என்றோர் அமைப்பு, கலிபோர்னியா மாநிலத்துப் பாலோ ஆல்டோ நகரிலே இருக்கிறது. நன்றாகப் படிக்கும் ஏழைப் பிள்ளைகளையும் பெயர்பெற்ற கல்லூரிகளையும் இணைத்து வைப்பது அதன் வேலை. ஐம்பதுக்கு மேற்பட்ட கல்லூரிகள் அதனோடு சேர்ந்திருக்கின்றன. நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 65,000 டாலருக்குள் என்பது பொதுவான அளவு. டாலரை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு, “இதுவா ஏழ்மை?” என்று யாரும் மலைக்க வேண்டாம். அந்த நாட்டுத் தனியார் கல்லூரியில் ஓராண்டுப் படிப்பும் தங்குமிடமும் சாப்பாடும் சேர்ந்து, 2024இல் பல இடங்களில் 90,000 டாலரைத் தாண்டிவிட்டது. குடும்பமே பட்டினி கிடந்து முழு வருமானத்தையும் கொண்டுபோய்க் கட்டினாலும் ஒரு பிள்ளையின் ஓராண்டுக்குப் போதாது! ஏழை மாணவருக்கென்று கூட்டரசு சர்க்கார் தரும் பெல் உதவித் தொகையின் உச்ச வரம்பு அதே ஆண்டில் 7,395 டாலர். யானைப் பசிக்குச் சோளப் பொரி.

ஆகவே குவெஸ்ட்பிரிட்ஜ் தருவதைச் சாதாரணம் என்று தள்ளிவிட முடியாது. கட்டணம், விடுதி, உணவு, புத்தகம், ஊருக்குப் போய் வரும் செலவு ஆகிய யாவும் நான்காண்டுக்கும் உண்டு. பெற்றோர் ஒரு காசு தர வேண்டியதில்லை, கடனும் இல்லை. கல்லூரிக்குள்ளேயே சில மணி நேர வேலை அதில் சேர்ந்திருக்கலாம், அது இழிவல்ல.

கயிறு எங்கே இருக்கிறது? செப்டம்பர் இறுதியில் விண்ணப்பம். அதனோடு, தான் சேர விரும்பும் கல்லூரிகளை 15 வரை வரிசைப்படுத்திக் கொடுக்கலாம். அக்டோபரில் இறுதிச் சுற்றுக்கு வந்தோர் யார் என்று சொல்வார்கள். டிசம்பர் முதல் தேதி, அந்த வரிசையிலே எந்தக் கல்லூரி இவரை ஏற்கிறதோ, அதற்குப் போயாக வேண்டும். இரண்டு கல்லூரிகள் ஏற்றால் மேலே எழுதியதுதான். மற்ற இடங்களுக்குப் போட்ட விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். இதற்கென ஓர் ஒப்பந்தத் தாள். மாணவர், பெற்றோர், பள்ளிக்கூட ஆலோசகர் என மூவரும் கையொப்பம் இட வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளை, தான் கண்ணாலும் காணாத கல்லூரிக்கு நான்காண்டை எழுதிக் கொடுக்கிறது!

இந்தக் கட்டுப்பாடு ஏழைகளுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. ‘முன்முடிவு’ என்ற பெயரில் பணக்காரப் பிள்ளைகளுக்காக நெடுநாளாய் நடந்துவரும் ஏற்பாடு அது. நவம்பரில் ஒரே ஒரு கல்லூரியிடம், “எடுத்துக்கொண்டால் நிச்சயம் வருகிறேன்” என்று எழுதித் தருவது, டிசம்பரில் முடிவு. சில தனியார் கல்லூரிகள் பாதிக்கு மேற்பட்ட இடங்களை இப்படியே நிரப்பிக்கொள்கின்றன. செலவு எவ்வளவு என்று பார்க்கத் தேவையில்லாத சீமான் வீட்டுப் பிள்ளைக்கு இதிலே என்ன நட்டம்? ஏழைப் பிள்ளையோ, எந்தக் கல்லூரி எவ்வளவு உதவி தரும் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க மார்ச் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் பந்தி பாதி முடிந்து, இலை பாதி எடுத்தாகிவிடும்.

இந்த அநியாயம் அவர்களுக்கே உறுத்தாமல் இல்லை. 2006இல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும், முன்கூட்டிச் சேர்ப்பது வசதியுள்ளோருக்கே சாதகமாகிறது என்று சொல்லி அந்த முறையைக் கைவிட்டன. பாராட்டினார்கள். 2011இல் இரண்டும் திரும்பக் கொண்டுவந்துவிட்டன, மாணவரைக் கட்டாத வடிவிலே. போட்டிக் கல்லூரிகள் கைவிடாதபோது தாங்கள் மட்டும் எத்தனை நாள் தனித்து நிற்பது என்ற எண்ணம் போலும்.

மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பது கல்லூரிகளுக்குப் பிடிப்பதில்லை. இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1991இல் அமெரிக்க நீதி இலாகா, ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டின் மீதும் எம்.ஐ.டி. மீதும் வழக்குத் தொடுத்தது. பல இடங்களில் தேறிய மாணவருக்கு இவ்வளவுதான் உதவி கொடுப்பது என்று கூடிப் பேசி வைத்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. எட்டும் சமரசத்துக்கு வந்தன, எம்.ஐ.டி. மட்டும் நின்று வழக்காடியது. கத்திரிக்காய் வாங்கப் போகிறவர்கூட நாலு கடை பார்த்து விலை கேட்கிறார். நான்காண்டு வாழ்க்கைக்கு மட்டும் ஒரே கடைதானா?

எடுத்துக்காட்டுக்கு ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், அப்படிப்பட்டவர்கள் அங்கே நிறைய. டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடி. ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோ. தகப்பனார் கட்டட வேலைக்குப் போகிறவர்; தாயார் ஓட்டலிலே அறை துடைப்பவர். வீட்டில் பேச்சு ஸ்பானிய மொழி. மின்சாரக் கட்டணச் சீட்டு வந்தாலும், ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தாலும், தம்பியின் பள்ளிக்கூடத் தாள் வந்தாலும் படித்துச் சொல்ல வேண்டியவள் அவள்தான். வகுப்பிலே முதல் வரிசை மாணவி.

அவளுக்கு வேறு வழி இல்லையா? இருக்கிறது, அதனால்தான் முடிவு கடினமாகிறது. டெக்சாஸில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, பள்ளியில் முதல் பத்து சதவிகிதத்துக்குள் வருவோருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. ஆஸ்டின் நகரத்து வளாகத்துக்கு மட்டும் அளவு இன்னும் கடுமை. அந்தப் பல்கலைக்கழகக் குழுமத்தின் ஆட்சியாளர்கள் 2024 நவம்பரில் செய்த முடிவின்படி, ஆண்டு வருமானம் 100,000 டாலர் வரையுள்ள மாநிலக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 2025 முதல் குழுமத்தின் எல்லா வளாகங்களிலும் படிப்புக் கட்டணம் இல்லை. அவளுடைய ஊர்ப் பக்கத்திலேயே, எடின்பர்க்கிலும் பிரௌன்ஸ்வில்லிலும் அந்தக் குழுமத்தின் வளாகங்கள் இருக்கின்றன. வீட்டிலிருந்தே போய் வரலாம். அம்மா சமையல். கட்டணமும் இல்லை, கயிறும் இல்லை!

மறுபக்கம், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹெர்ஸ்ட், வில்லியம்ஸ் போன்ற கல்லூரிகள். சிறிய வகுப்புகள், சேர்ந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பட்டம் பெற்றே வெளியேறுகிறார்கள். சாப்பாட்டுக்காக இரவு வேலைக்கு ஓட வேண்டியதில்லை. கூட்டரசுக் கல்விக் கடன் மட்டும் 1.6 லட்சம் கோடி டாலராகக் குவிந்துகிடக்கும் நாட்டிலே, கடனில்லாத பட்டம்! ஆனால் தூரம் ஏறத்தாழ 2,000 மைல். பனியைப் பார்த்தறியாத பெண். ஆஸ்பத்திரிக் கடிதத்தை யார் படித்துச் சொல்வார்கள் என்று தாயார் வாய்விட்டுக் கேட்க மாட்டார். மகள் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பாள். “தகுதியுள்ளவளுக்கு வாய்ப்புக் கிடைத்தது” என்று செய்தி எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை எழுதுவதில்லை.

கையொப்பம் இடலாமா? இடலாம் என்பதே நம் கருத்து. சொல்லிவிட்டுக் காரணத்தையும் சொல்கிறோம்.

பணக்காரர்களின் முன்முடிவு முறையிலே, முதலில் கட்டிப்போட்டுவிட்டுப் பிறகு தொகையைச் சொல்கிறார்கள். உதவி போதாவிட்டால் விலகலாம் என்று விதியிலே இருக்கிறது. போதுமா, போதாதா என்று கல்லூரியோடு வாதாட வேண்டியவர் கட்டட வேலைக்காரர்! குவெஸ்ட்பிரிட்ஜில் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள், முழுச் செலவும் உண்டு, கடன் இல்லையென்று. கட்டு அதே கட்டுத்தான். ஆனால் கண்ணைக் கட்டவில்லை. அன்றியும், காத்திருந்து ஒப்பிடும் வழி ஏழைக்கு எப்போதும் நேராக இருந்ததில்லை. வழக்கமாக அக்டோபரில் திறக்கும் சர்க்காரின் உதவி விண்ணப்பம் அந்த ஆண்டு 2023 டிசம்பர் கடைசியில்தான் திறந்தது, அதிலும் கோளாறு. 2024 மே முதல் தேதிக் கெடுவையே பல கல்லூரிகள் தள்ளிப்போட நேர்ந்தது. உதவி எவ்வளவு என்று தெரியாமலே வசந்த காலம் முழுதும் தவித்தவர்கள், காத்திருக்கும் உரிமை பெற்றிருந்த பிள்ளைகள்தாம்.

இடலாம் என்று சொல்வதால் அந்தக் கட்டு நியாயம் என்று நாம் ஒப்புக்கொண்டதாக யாரும் எண்ண வேண்டாம். இதே அமைப்பிலே யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. ஆகியவையும் இருக்கின்றன. அவையும் அதே போல முழுச் செலவையும் தருகின்றன, மாணவரைக் கட்டுவதில்லை. யேல் கட்டாமல் கொடுக்க முடிகிறபோது, மற்றவர்கள் ஏன் கட்டிக் கொடுக்கிறார்கள்? யேல் கூப்பிட்டால் மறுப்பவர் குறைவு என்பது யேலுக்குத் தெரியும். அத்தனை பெயர் இல்லாத கல்லூரிக்கு, பிள்ளை கைநழுவிப் போய்விடுமோ என்ற அச்சம். அச்சம் புரிகிறது. அந்த அச்சத்துக்கு விலை கொடுப்பவர் எப்போதும் பிள்ளையாகவே இருக்க வேண்டுமா என்பதுதான் நம் கேள்வி.

கையொப்பத்தை மீறினால் என்ன? நீதிமன்றத்துக்கு இழுத்துச் செல்லும் கடன் பத்திரம் அல்ல அது; வாக்குத்தான். ஆனால் வாக்கு தவறினால் அடி விழுவது அடுத்து வருபவர் மீது. 2025இல் ஒரு பல்கலைக்கழகம், மாணவர் ஒருவர் முன்முடிவு வாக்கை மீறினார் என்பதற்காக, அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாரும் ஓராண்டுக்கு அம்முறையில் விண்ணப்பிக்கக் கூடாது என்று தடை போட்டது. அண்ணன் செய்ததற்குத் தம்பிக்குப் பிரம்படி! ஆகவே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பிலே யாரும் இட வேண்டாம்.

அந்தப் பெண் நம்மிடம் கேட்டால் நாம் சொல்வது இதுதான். மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பம் போட்டு வை, தடையில்லை. 2024இல் குவெஸ்ட்பிரிட்ஜுக்கு விண்ணப்பித்தோர் 25,000 பேருக்கு மேல். கல்லூரி பொருந்தியது சுமார் 2,600 பேருக்கே. பொருந்தாமற் போனால் நீ தோற்றவள் அல்ல. வழக்கமான சுற்றிலே எந்தக் கட்டும் இல்லாமல் அதே கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம். தூரம் மிகுதி என்றால், ஹூஸ்டன் நகரத்து ரைஸ் பல்கலைக்கழகமும் அந்தப் பட்டியலில் இருக்கிறதே; ஒரு பகல் பஸ் பயணம். தாயாரிடமும் தகப்பனாரிடமும் தாளை ஸ்பானிய மொழியிலே வரி வரியாய்ப் படித்துச் சொன்ன பிறகே கையொப்பம் கேள். இத்தனை நாளாய் ஊரார் கடிதங்களை எல்லாம் படித்துச் சொன்னவளுக்கு இது கடினமல்ல.

இன்னொன்று. 15 வரை எழுதலாம் என்றால் பதினைந்தும் எழுத வேண்டும் என்பதல்ல. எட்டுக்குப் பிறகு, இடத்தை நிரப்பவே பெயர் எழுதுகிறவர்கள் உண்டு. கல்லூரிகளுக்கு உன் வரிசை தெரியாது. முதலாவதாக எழுதிய கல்லூரி ஏற்காமல், கடைசியாக எழுதியது ஏற்றுவிட்டால், அங்கேதான் நான்காண்டு. பட்டியலைத் திருத்தவும், வேண்டாமென்று விலகவும் ஒரு கெடு கொடுத்திருக்கிறார்கள். அது முடிவதற்குள் அந்தப் பதினைந்தாவது பெயரை இன்னொரு முறை பார்.