முட்டையிடுமுன் மடியும் மீன்கள்

பசிபிக் சமுத்திரத்து ஸால்மன் மீன் நன்னீர் ஓடையில் பிறந்து, கடலில் வளர்ந்து, கடைசியில் பெரும்பாலும் பிறந்த ஓடைக்கே திரும்பி வந்து முட்டையிடுகிறது. இட்டபின் இறந்து போகிறது. இந்த மரணத்தில் துக்கப்பட ஒன்றுமில்லை. அந்த ஜாதிக்கு ஏற்பட்ட முறை அது. ஆனால் ஓடை வந்து சேர்ந்தும், வந்த காரியம் முடியாமலே செத்துப் போவதென்றால்?

அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஸியாட்டில் நகரத்தில், பாழ்பட்டுக் கிடந்த ஓடைகள் சிலவற்றை 1990-க்கும் 2000-க்கும் இடையில் சீர்திருத்தினார்கள். கோஹோ என்னும் வகை ஸால்மன் அவற்றுக்கு வந்தது. ஊராரின் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. இலையுதிர் காலத்து மழை பெய்ததும், நல்ல திடமான மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து, வாயைப் பிளந்து, நிலை தடுமாறிச் சுழன்று, சில மணி நேரத்திற்குள் மாண்டன.

லாங்ஃபெலோ என்ற ஓடையின் கரையில் 2002 முதல் 2009 வரை, மீன் வரும் பருவத்தில் ஆராய்ச்சியாளர்கள் தினந்தோறும் நடந்தார்கள். செத்த பெண் மீனைக் கண்டால் வயிற்றைக் கீறிப் பார்ப்பார்கள். இந்தச் சோதனைக்கு ஒரு கத்தி போதும். வயிறு காலியாயிருந்தால் மீன் தன் கடமையை முடித்தது என்று அர்த்தம். நிறைந்திருந்தால் ஒரு சந்ததியே அதனுடன் அழிந்தது. வருஷந்தோறும் அங்கே வந்த மீன்களில் நூற்றுக்கு 60 முதல் 100 வரை அகாலமாக மடிந்தன. நகரத்துக்கு வெளியே பார்த்த ஓர் ஓடையிலோ நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை!

நோயா, வெப்பமா, பிராண வாயுக் குறைவா, பூச்சி மருந்தா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். எதுவும் பொருந்தவில்லை. சாலை ஜலத்தில் காணப்படும் உலோகங்களையும் எண்ணெய்ப் புகைப் பொருள்களையும் தாங்களே கலந்து தொட்டியில் விட்டார்கள். மீன்கள் சுகமாக நீந்தின. நெடுஞ்சாலையிலிருந்து வழிந்த மழை ஜலத்தையே பிடித்து வந்து விட்டார்கள், அத்தனையும் செத்தன. ஆகவே விஷம் சாலையில்தான் இருந்தது. நெருங்கிய உறவினமான சம் ஸால்மன் அதே ஜலத்தில் யாதொரு குறைவுமின்றி இருந்தது வேறு புதிர்.

மோட்டார் டயரை அரைத்து ஊறவைத்த நீரில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் இருந்தன. அவற்றைப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் மீனை விட்டு, கொல்லாத பங்கைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் மிஞ்சிய பொருளில் 18 கரி அணுக்கள், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்ஸிஜன். டயரில் சேர்க்கும் சரக்குகளின் ஜாபிதாவில் அப்படி ஒன்று கிடையாது! ஆனால் 6 பிபிடி என்ற சரக்கில் 18 கரி, 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன் உண்டு. ரப்பர் வெடிக்காதபடி காற்றிலுள்ள ஓஸோனைத் தானே ஏற்றுக்கொள்வது அதன் வேலை. பரீட்சையில் நம் பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, அதே ஓஸோன்தான். அதை ஏற்றபோது இரண்டு ஹைட்ரஜனை இழந்து இரண்டு ஆக்ஸிஜனைப் பெற்று, 6 பிபிடி குவினோன் என்ற விஷமாக மாறியிருக்கிறது. ஜென்யூ தியான் என்பவரும் சகாக்களும் 2020-ல் இதை வெளியிட்டார்கள். ஒரு லிட்டர் ஜலத்தில் ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே இளம் கோஹோ மீன்களில் பாதி இறந்துவிடும் என்று 2022-ல் கணக்கிட்டார்கள்.

அந்தச் சரக்கை நீக்கிவிட்டால் டயர் சீக்கிரம் வெடித்து, மனிதருக்கு ஆபத்து. மாற்றுப் பொருளை ஆராயும்படி 2023-ல் கலிபோர்னியா மாகாணம் டயர் உற்பத்தியாளர்களுக்கு விதி செய்தது. ஆனால் மீனைக் காக்க ஒரு வழி 2015-லேயே தெரிந்திருந்தது. மணலும் மக்கிய உரமும் கலந்த மண்ணின் வழியே சாலை ஜலத்தை வடியவிட்டு, அதில் கோஹோ மீன்களை விட்டுப் பார்த்தார்கள். அவை பிழைத்திருந்தன.