மேசை மேல் ஒரு மலை எஞ்சின்

டார்ஜிலிங் 'பி' வகுப்பு
உண்மையான நீராவியில் ஓடும் மாதிரி
அளவு 1:19 | தண்டவாள அகலம் 32 மி.மீ.

டார்ஜிலிங் இமயமலை ரயில் 1881இல் தொடங்கியது. தண்டவாள அகலம் இரண்டே அடி (610 மி.மீ.). நெளிந்து நெளிந்து 2,258 மீட்டர் உயரத்தில் உள்ள கூம் நிலையம் வரை ஏறும் இந்தப் பாதைக்காக, 1889 முதல் கட்டப்பட்டவை நான்கு சக்கர 'பி' வகுப்பு எஞ்சின்கள்.

குறுகிய பாதை ரயில் மாதிரிகளைச் சேர்ப்போருக்கு இந்த எஞ்சின் மீது தனிப் பிரியம். கொதிகலன் மேல் சேணம்போல் கவிந்திருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். முன்விளிம்பில் அமர்ந்திருக்கும் இருவர், மழையில் சக்கரம் வழுக்காதபடி தண்டவாளத்தில் கையால் மணல் தூவுபவர்கள். நிலக்கரிக் கட்டிகளை உடைத்துத் தருபவர் இன்னொருவர். இவர்கள் இருந்தால்தான் மாதிரி முழுமை பெறும்.

அசல் எஞ்சின் நிலக்கரியில் ஓடும். மாதிரிக்கோ பியூட்டேன் வாயு. ஓட்டுநர் அறையில் இருக்கும் சிறு உருளை எண்ணெய்க் குப்பி. அதனுள் புகும் நீராவி குளிர்ந்து நீராகி அடியில் தங்கும். மேலே மிதக்கும் எண்ணெய் துளித்துளியாகச் சிலிண்டர்களுக்குப் போய்ச் சேரும்.

1999இல் யுனெஸ்கோ இந்த மலை ரயிலை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.